சின்னவருக்குச் சோறும் அக்காவுக்கு ஒரு வாரமும்

இலைக்கடை அக்காவின் வீட்டுக் கூடத்தில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. மணப்பெண் தலையைக் குனிந்திருக்கிறாள். அவள் கழுத்துக்குப் பின்னால் இரண்டு கைகள் மஞ்சள் கயிற்றை முடிந்துகொண்டிருக்கின்றன. கைகள் துல்லியமாக விழுந்திருக்கின்றன. கண்ணாடி வளையல்களைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். கைகளுக்கு உரியவளின் முகம்தான் ஆடிப்போய், பாதி மூக்கும் நிறையப் பல்லுமாகக் கலங்கிக் கிடக்கிறது. இதைப் போய் ஏன் சட்டம் போட்டு மாட்டினீர்கள், வேறு படமே கிடைக்கவில்லையா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "என்ற மூஞ்சி அப்படித்தான்" என்று அக்கா ஒரே வரியில் முடித்துவிடுவாள். அந்த முகம் ஏன் ஆடிற்று என்று தெரிந்தவர்கள் நானும் அவளும், எங்கேயாவது நலமாக இருந்தால் ஒரு மேட்ரனும்தான்.

கொள்ளேகாலில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக வளர்ந்தவள் நான். தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சாளர் வேலை கிடைத்தது. தேவராஜ மொஹல்லாவில் ஒரு வட்டாரத்தில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்தேன். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய்: இதைத்தான் அங்கே வட்டாரம் என்பார்கள். என் அறைக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே சுவர் என்று ஒன்று இருந்தது. அது பார்வையை மறைத்தது, சத்தத்தை மறைக்கவில்லை.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள்தான் அக்கா. கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்துக்காரி. அவள் கணவருக்கு மார்க்கெட்டில் வாழை இலைக் கடை. விடியும் முன்னே போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பள்ளியில் படிக்கும் ஒரு மகன். இவர்களோடு கணவரின் தம்பியும் இருந்தார். முப்பது வயதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம், கனமான உடம்பு, ஆனால் மனசு நாலைந்து வயதிலேயே உட்கார்ந்துவிட்டது. கைகள் மணிக்கட்டில் உள்பக்கமாக மடங்கியிருக்கும். தானாக எடுத்துச் சாப்பிட முடியாது. வட்டாரமே அவரைச் சின்னவர் என்றது. அக்கா கல்யாணமாகி வந்த கொஞ்ச காலத்திலேயே மாமியார் கண்ணை மூட, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வேட்டி மாற்றுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. இதை அவள் ஒரு தியாகமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கும் குரலில்தான் சின்னவரைப் பற்றியும் பேசுவாள்.

ஆனால் சாப்பாட்டு வேளையில் அந்தக் குரல் வேறு. மத்தியானமும் ராத்திரியும் சுவரைத் தாண்டி வசவு பொழியும். "அட பேதீல போறவனே, வாயத் தொறடா. எருமக் கெடா மாதிரி வளந்திருக்கற, மென்னு முழுங்கத் தெரியாதா? உனக்கு ஆக்கிப் போட்டே என்ற ஆயுசு போச்சு. முழுங்கித் தொலை." வந்த புதிதில் எனக்குப் பதறிப்போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ சாக்குச் சொல்லி எட்டிப் பார்த்தேன். சின்னவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா வைய வைய அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வசவுக்கும் ஒரு கவளம் வாங்கிக்கொண்டிருந்தார். அவள் கையோ வசவுக்குச் சம்பந்தமே இல்லாமல், ரசத்தில் மிளகு தென்பட்டால் பொறுக்கி ஓரம் வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சத்தம் மதியச் சங்கு மாதிரி பழகிப்போயிற்று.

அந்த வருஷம் வைகாசியில் அக்காவின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கூடப் பிறந்தவள் இவள் ஒருத்திதான். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மிச்ச முடிச்சை நாத்தனார் போட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். நம் வீட்டுக்கு வருகிறவளை நாத்தனார் தன் கையாலேயே முடிந்து எடுத்துக்கொள்வது என்று அர்த்தம். மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம், இதற்கு மட்டும் ஆள் மாற்ற மனசு வராது. அக்கா பிறந்த வீட்டில் ஒரு இரவு தங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. போனாலும் காலை பஸ்ஸில் போய், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சோறு தின்று, மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

கணவர் இருக்கிறாரே என்று தோன்றும். இலைக்கடைக்காரருக்கு முகூர்த்த நாள் என்றால் அறுவடை நாள். சொந்தக்காரன் கல்யாணம் என்றைக்கோ, ஊரிலுள்ள அத்தனை பேர் கல்யாணமும் அன்றைக்குத்தான். கடையைச் சாத்த முடியாது. சின்னவரைக் கூட்டிப் போகலாம் என்றால் கொட்டு மேளச் சத்தத்தில் அவர் அலறி உருண்டுவிடுவார். ஒரு தடவை பட்டிருக்கிறார்கள். "சித்தப்பா மக ஒருத்தி இருக்கறா, அவ முடிச்சுப் போடட்டும்" என்று அக்கா குழாயடியில் சொன்னாள். சொல்லிவிட்டு, நிரம்பி வழிகிற குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். நான் தட்டச்சு செய்த ஓர் உத்தரவு ஞாபகத்துக்கு வந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு காப்பகத்தில், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சிறிது ஓய்வு கிடைப்பதற்காக, ஒரு வாரம் வரை ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. சில கட்டில்கள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இதற்கெல்லாமா அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று விரல் தட்டத் தட்ட நானே வியந்திருக்கிறேன். அக்கா நம்பவே இல்லை. "சர்க்கார் சோறு ஊட்டுமா? கெரசினே ஒழுங்கா ஊத்த மாட்டீங்கறாங்க அம்மிணி" என்று சிரித்தாள். ஆனால் ரெண்டு நாள் கழித்து, ராத்திரி ஊட்டி முடித்த கையோடு வந்து கதவைத் தட்டினாள். "அந்த எடம் எங்க இருக்குது?"

காப்பகம் ஊருக்கு வெளியே நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை காலையில் ஆட்டோ வைத்துப் போனோம். அக்கா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். சின்னவருக்கு வெளுத்த வேட்டி, தலையில் எண்ணெய். தலையணை, டம்ளர், போர்வை, சாய்ந்து உட்காரப் பழகிய மரப்பலகை எல்லாம் மூட்டையாக வந்தன. மேட்ரன் கன்னடக்காரர், வெள்ளைப் புடவை, மூக்குக்கண்ணாடி, நிதானமான பேச்சு. அவர் அறை வாசலிலேயே அக்கா செருப்பைக் கழற்றிவிட்டாள். எப்படித் தூங்குவார், எப்படிக் குளிப்பார், எப்படிச் சாப்பிடுவார் என்று மேட்ரன் ஒவ்வொன்றாக விசாரித்தார். அக்கா அதுவரை நான் கேட்டிராத ஒரு தமிழில், வானொலியில் செய்தி வாசிக்கிற தோரணையில் பதில் சொன்னாள். முடிவில் தானாகவே ஒன்று சேர்த்துக்கொண்டாள்: "இவரை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லைங்க. அன்பாகச் சொன்னால்தான் கேட்பாருங்க."

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். சிரித்தால் காரியம் கெட்டுவிடும். சர்க்கார் இடத்தில் போய், நான் இவனைப் பேதியில் போகச் சொல்லித்தான் சோறு ஊட்டுகிறேன் என்று எவள் சொல்வாள்? மேட்ரன் தலையாட்டி, ஆயாக்களைக் கூப்பிட்டு, இவரிடம் யாரும் குரலை உயர்த்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா வாசல் வரை வந்து மூன்று தடவை திரும்பிப் போனாள். கடைசித் தடவை மேட்ரன் அவள் தோளைப் பிடித்து மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். "சர்க்கார் இருக்கு அல்வா அம்மா? நீங்க ஹோகி பன்னி." சர்க்கார் இருக்கிறது அல்லவா, போய் வாருங்கள் என்று ஒரு அதிகாரி தன்னிடம் சொல்லியதை அக்கா அதற்கு முன் கேட்டிருக்க மாட்டாள். நிற்கச் சொல்வார்கள், நாளை வரச் சொல்வார்கள். போய் இருந்துவிட்டு வா என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலம் நீ போயி பாத்துப்போட்டு எங்கூர் மளிகைக் கடைக்குப் போன் பண்ணோணும். ஏழு மணிக்குள்ள போன் வரலீன்னா நான் பொறப்பட்டு வந்துருவேன். முடிச்சும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்." மகனை இழுத்துக்கொண்டு கொள்ளேகால் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அலுவலகம் விட்டு ஐந்தரைக்குக் காப்பகம் போனேன். மேட்ரன் வராந்தாவிலேயே காத்திருந்தார். முகம் சரியாக இல்லை. "ஒந்து துத்துகூட உள்ள போகல்லம்மா. நேத்து மத்யானத்துல இருந்து. மஜ்ஜிகெ மட்டும் குடிச்சாரு, அஷ்டே." ஒரு கவளம்கூடச் சாப்பிடவில்லை, மோர்தான் ஆகாரம். டாக்டர் வந்து பார்த்திருக்கிறார்; காய்ச்சல் இல்லை, வயிறும் நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படியே போனால் வைத்துக்கொள்ள முடியாது, இன்று ராத்திரியே வீட்டாருக்குச் சொல்லியாக வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

உள்ளே சின்னவர் தன் பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆயா ஒருத்தி எதிரில் தட்டோடு, "ராஜா, சின்னு, ஒரே ஒரு வாய்" என்று தேனாக ஒழுகிக்கொண்டிருந்தாள். அவரிடம் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பந்தியில் உட்கார்ந்துவிட்டு இன்னும் இலை போடவில்லையே என்று காத்திருக்கிற விருந்தாளி போல வாயை மூடிக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டை வாங்கினேன். நானும் ராஜா என்றேன், கண்ணு என்றேன், அக்கா நாளைக்கு வந்துவிடுவாள் என்று பொய் சொன்னேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

சுவர்க் கடிகாரம் ஆறைத் தாண்டியது. ராமாபுரத்தில் மருதாணிக் கையோடு மளிகைக் கடை வாசலில் அக்கா நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஏழு அடித்தால் புடவையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாளைக் காலையில் வேறு யாரோ முடிச்சுப் போடுவார்கள். அதற்கப்புறம் பிறந்த வீட்டுக்குப் போகிற ஆசையையே அவள் மூட்டை கட்டி வைத்துவிடுவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யோசித்து ஒன்றும் செய்யவில்லை; வயிற்றெரிச்சலில் தானாக வந்துவிட்டது. "அட பேதீல போறவனே, வாயத் தொறடா" என்று கத்திவிட்டேன்.

ஆயா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. சின்னவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்தது. தோள் குலுங்கியது. வாயைப் பிளந்தார். நான் கவளத்தை உள்ளே தள்ளிவிட்டு, சுவர் வழியாகப் பாடமாகியிருந்த எருமைக் கெடாவையும் ஆயுசையும் வரிசையாக எடுத்துவிட்டேன். தட்டு காலியாயிற்று. இன்னும் கொண்டுவரச் சொன்னேன். அவரைப் பொறுத்தவரை அவ்வளவு நேரம் யாரும் சாப்பிடக் கூப்பிடவே இல்லை. நான் வைத பிறகுதான் சாப்பாட்டு வேளை வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

மேட்ரன் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த அம்மா வேற மாதிரி ஹேளிதாரே" என்றார். அக்கா வெட்கப்பட்டு அப்படிச் சொல்லிவிட்டாள் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரி. எனக்கும் ஹேளிக் கொடு. நாளைக்கு மத்யானம் நான்தானே ஊட்டணும்." அந்த வெள்ளைப் புடவை அம்மாளுக்கு நான் வசவு சொல்லிக்கொடுத்தேன். அவர் சுலோகம் படிக்கிற மாதிரி திருப்பிச் சொன்னார். சின்னவருக்கு அது பிடித்துப்போய், வயிறு நிறைந்த பிறகும் வாயைத் திறந்து காட்டினார்.

எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். மளிகைக் கடைக்காரர் எடுத்ததுமே அக்காவின் குரல் கேட்டது. போன் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

"தின்னானா?"

"ரெண்டு தட்டு தின்னாருக்கா."

"அன்பாச் சொன்னாங்களா?"

"அதெல்லாம் சொல்லிப் பாத்தாங்க. ஒரு வாய் எறங்கல. கடைசில நான்தான் வஞ்சேன்."

 கடைக்காரருக்குக் கேட்காத குரலில் கேட்டாள். "என்ன சொல்லி வஞ்ச?"

"நீங்க சொல்றதத்தான். பேதியில இருந்து ஆரம்பிச்சேன்."

"அந்தம்மா முன்னாலயா?"

"அவங்களும் கத்துக்கிட்டாங்க. நாளைக்கு அவங்கதான் வையப் போறாங்க."

"என்ற மானத்த வாங்கிப்போட்டயேடி" என்றாள் அக்கா. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள் என்று புரிய சில நொடி பிடித்தது.

மறுநாள் முகூர்த்தத்தில் தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலக, அக்கா கயிற்றை வாங்கியிருக்கிறாள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, மூக்குக்கண்ணாடி போட்ட மேட்ரன் பேதியில் போறவனே என்று சொல்வது அவள் மனசுக்குள் வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், கை மட்டும் தன் வேலையைச் செய்ய, முகம் குலுங்கிச் சிரித்த நொடியில் போட்டோக்காரர் பொத்தானை அமுக்கிவிட்டார்.

அவள் போனது ரெண்டு நாளைக்கு. ஆனால் பூரா வாரமும் இருந்துவிட்டு வந்தாள். கல்யாணம் முடிந்த மத்தியானம் படுத்தவள் மறுநாள் காலையில்தான் எழுந்தாளாம். நோய் வந்துவிட்டதோ என்று அவள் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். திரும்பி வந்து சின்னவரை அழைத்துப்போக நாங்கள் காப்பகத்துக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு நேரம். உள்ளேயிருந்து கன்னட இழுவையோடு மேட்ரன் குரல் கேட்டது: "எருமெக் கெடா மாதிரி வளந்திருக்கெ, மென்னு முழுங்கத் தெரியாதா?" அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிட்டாள். மேட்ரன் வெளியே வந்து, "சரியா ஹேள்தேனா அம்மா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். "கெடாவ இன்னும் கொஞ்சம் இழுக்கோணுங்க" என்றாள் அக்கா, முந்தானைக்குள்ளிருந்து.

அடுத்த வருஷம் கல்யாணம் எதுவும் இல்லை. என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்று அக்கா பல நாள் யோசித்து, அம்மாவுக்கு முட்டிவலி என்று தயார் செய்துகொண்டு போனாள். மேட்ரன் பாதியிலேயே கையமர்த்திவிட்டார். காரணமே வேண்டாம், களைப்பு போதும் என்றாராம். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு வாரம் சின்னவர் அங்கே, அக்கா ராமாபுரத்தில். பஸ் ஏறும்போது அவள் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டாள். அந்த ஒரு வாரத்தால் அவள் வாழ்க்கை தலைகீழாக மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மிச்ச ஐம்பத்தொரு வாரமும் அதே சோறு, அதே வசவு. ஆனால் அந்த வசவில் முன்பு எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஒரு காய்ந்த தொனி அப்புறம் வரவே இல்லை. சுவரின் இந்தப் பக்கம் இருந்தவளுக்குத்தான் அது தெரியும்.

சின்னவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கடைசி நாள் வரை வசவு வாங்கிக்கொண்டு நிறைவாகத்தான் போனார். இலைக்கடைக்காரரும் இல்லை. மேட்ரன் ஓய்வு பெற்று எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. காப்பகத்தில் அந்தக் கட்டில்களும் இப்போது கிடையாது. மானியம் எப்போது நின்றது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. அக்காவுக்குப் போன வருஷம் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் வாய் மட்டும் ஓயவில்லை. மருமகள்தான் பார்த்துக்கொள்கிறாள். நல்ல பெண், தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். போன மாதம் தங்கையின் வளைகாப்புக்குப் போகலாமா வேண்டாமா என்று அவள் கூடத்தில் நின்று தயங்கியபோது, அவள் கண்ணும் நிரம்பி வழிகிற குடத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

எனக்கு இப்போது பணி ஓய்வுக் காலம், பெட்டி தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். மருமகளின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பி, "சர்க்கார் இருக்கு அல்வா? ஹோகி பா" என்றேன். அரசாங்கம் நிறுத்திவிட்டதை வருஷத்துக்கு ஒரு வாரம் நான் நடத்துவதாக உத்தேசம்.

முதல் நாள் மத்தியானம் ரசஞ்சோறு பிசைந்து எடுத்துப் போனேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் கல்யாணப் படத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். யாருக்கும் பாரமாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம், பசியில்லை என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், ரெண்டு வாய்தான் என்றேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். சரி என்று தட்டை நிமிர்த்திப் பிடித்தேன்.

"அட பேதீல போறவளே, வாயத் தொற. எருமக் கெடா மாதிரி கெடக்கற, மென்னு முழுங்கத் தெரியாதா?"

அவள் மெல்லத் திரும்பினாள். நல்ல பக்கத்துத் தோள் குலுங்க ஆரம்பித்தது. முகம் ஆடி, பாதி மூக்கும் நிறையப் பல்லுமாகக் கலங்கிப்போனது. பின்னால் சுவரில் இருந்த படத்தில் எப்படியோ, அப்படியே.

"அந்தக் கன்னடக்காரம்மா உன்னய விட நல்லா வைவாங்க" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.